சாவியும் சாட்சியும்

நம் இயக்கங்கள் நடத்துகிற இணையதளங்களைத் திறந்து பார்த்தால் ஒரு பொது லட்சணம் தெரியும். கடைசிப் பதிவு போன ஏப்ரல் 14க்குப் போட்டதாக இருக்கும். அதற்கு முந்தியது டிசம்பர் 6. நடுவில் நாலு மாசம் ஒன்றுமே இருக்காது. அந்த நாலு மாசத்தில் ஒன்றும் நடக்கவில்லையா? எல்லாம் நடந்தது. எழுதத்தான் ஆளில்லை. எழுதத் தெரிந்த ஆள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றுகொண்டிருந்திருப்பார், இல்லையென்றால் கூலிக்குப் போயிருப்பார்.

இந்த ஓட்டையைப் பார்த்துத்தான் தானாக எழுதிப் போடும் கருவிகள் வருகின்றன. தளத்தை அதோடு இணைத்துவிட்டால் போதும், தினம் ஒரு கட்டுரையை அதுவே எழுதும், அதுவே வெளியிடும், தலைப்பைக்கூட நாம் சொல்ல வேண்டியதில்லை. வன்கொடுமைச் சம்பவங்களைப் பதிவுசெய்கிற ஒரு சிறு குழுவில் நானும் இருக்கிறேன். எங்கள் தளத்தை அப்படி இணைக்கலாமா கூடாதா என்று மூன்று மாதமாகச் சண்டை. வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு இது ஏதோ கம்ப்யூட்டர் சமாச்சாரம். எனக்கு அப்படிப் படவில்லை. நம்ம பேர்ல யார் பேசலாம் என்கிற பழைய சண்டைதான் புது உடுப்பு போட்டு வந்திருக்கிறது.

இணைப்பது என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்களில் பாதிப்பேர் இதை மந்திரம் மாதிரி பார்க்கிறார்கள், மீதிப்பேர் 'அதெல்லாம் பையன் பாத்துக்குவான்' என்று விட்டுவிடுகிறார்கள். உலகத்தில் உள்ள தளங்களில் பத்துக்கு நாலு வேர்ட்பிரஸ் என்கிற மென்பொருளில் ஓடுகின்றன. எங்களுடையதும் அதுதான். 2020 டிசம்பரில் வந்த அதன் 5.6ஆம் பதிப்பிலிருந்து அதில் ஒரு வசதி உண்டு. நம் சொந்தக் கடவுச்சொல்லைத் தராமல், வெளிக்கருவிக்கென்று தனியாக ஒரு சாவி வெட்டித் தரலாம். 24 எழுத்து. ஒரே ஒரு தடவைதான் கண்ணில் காட்டும். அதை நகலெடுத்துக் கருவியிடம் கொடுத்துவிட்டால் அது நம் தளத்துக்குள் வந்து பதிவு போடும், திருத்தும், நாம் அனுமதித்திருந்தால் அழிக்கவும் செய்யும். வேண்டாமென்றால் சாவியை ரத்து செய்துவிடலாம். இதுவரைக்கும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, நல்ல பூட்டுதான்.

கவனிக்க வேண்டியது வேறு. அந்தச் சாவி யாருடைய கணக்கில் வெட்டப்பட்டதோ அவர் பெயரில்தான் பதிவு வரும். எழுதியது எந்திரம், மேலே நிற்கிற பேர் உங்கள் பேர். ராத்திரி மூணு மணிக்கு நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது உங்கள் பேர் எழுந்து உட்கார்ந்து பேசும்.

இணைக்கச் சொல்கிற தோழரின் வாதத்தைச் சும்மா ஊதித் தள்ளிவிட முடியாது. அவர் சொன்னது இது: "அவனுங்ககிட்ட காசு இருக்கு, ஆள் இருக்கு, ஆளுக்கு ரெண்டு போன் இருக்கு. ஒரு நாளைக்கு நூறு பொய் எழுதுறான். நாம ஒரு உண்மைய மூணு மாசம் கழிச்சு எழுதுறோம். தேடிப்பார்க்கிற பிள்ளைக்கு எது முதல்ல கிடைக்கும்? கையெழுத்துச் சுத்தம் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா நம்ம வரலாறையும் அவனே எழுதிடுவான், தோழர்."

இந்தக் கோபம் நியாயமானது. இதற்கு நூறு வருஷத்துக்கு மேலான வேர் இருக்கிறது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கினார், அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். மற்ற பத்திரிகைகளில் நமக்கு இடம் இல்லை என்பது அதற்குப் பின்னால் இருந்த காரணங்களில் பெரியது. 1920 ஜனவரி 31இல் அம்பேத்கரின் 'மூக்நாயக்' வந்தபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட 'கேசரி' மறுத்தது. ஊமைகளின் தலைவன் என்று பேர் வைத்த பத்திரிகைக்கு ஒரு விளம்பரம் போடக்கூட ஊரில் இடமில்லை. அச்சு எந்திரம் வந்தபோது 'இது வெள்ளைக்காரன் சாமான்' என்று நம் முன்னோர் ஒதுங்கி நிற்கவில்லை. கிடைத்த எழுத்தையும் மையையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். ஆகவே எந்திரம் என்பதாலேயே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நானில்லை. பனை ஓலையைப் பற்றி ஏக்கம் கொள்ள நமக்கு என்ன இருக்கிறது? ஓலை நம் கையில் எப்போது இருந்தது?

ஆனால் அச்சு எந்திரம் அயோத்திதாசர் எழுதியதைத்தான் அச்சடித்தது. அவர் எழுதாத வாக்கியத்தை அதுவாகச் சேர்க்கவில்லை. கம்பாசிட்டர் ஒரு எழுத்தை மாற்றிக் கோத்தால் அதற்குப் பிழை என்று பேர் இருந்தது.

இணைக்காமல், சோதனையாக, அந்தக் கருவியில் ஒன்று செய்து பார்த்தேன். நாங்கள் பதிவு செய்திருந்த ஒரு அக்காவின் வாக்குமூலத்திலிருந்து பேர், ஊர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் குறிப்பாகக் கொடுத்தேன். அவருடைய அம்மா இறந்துபோனார். பொதுப்பாதை வழியாகச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போக விடவில்லை. பாடையை ரோட்டில் இறக்கி வைத்துவிட்டு நாலு மணி நேரம் நின்றார்கள். போலீஸ் வந்தது. வந்து, வாய்க்கால் கரை வழியாகப் போகச் சொன்னது. போனார்கள். கரையில் வழுக்கிப் பாடை ஒருபக்கம் சாய்ந்தது. அக்கா சொன்னதில் என்னால் மறக்க முடியாதது, "எங்கம்மா தலை என் தோள்ல வந்து முட்டுச்சு" என்பது.

கருவி ஒரு நிமிஷத்துக்குள் கட்டுரை கொடுத்தது. பிழையில்லாத தமிழ், அதைச் சொல்லியாக வேண்டும். 'இறுதி ஊர்வலத்தின்போது இரு தரப்பினரிடையே வாக்குவாதம் ஏற்பட்டது' என்று எழுதியிருந்தது. 'ஊர்ப் பெரியவர்கள் தலையிட்டுச் சமாதானம் செய்துவைத்தனர்' என்று எழுதியிருந்தது. எந்தப் பெரியவர்? தடுத்து நின்றதே அந்தப் பெரியவர்கள்தானே. சரி, தன்வரலாறு மாதிரி எழுது என்றேன். அக்காவின் இடத்தில் நின்று 'நான்' போட்டு எழுதியது. கடைசிப் பத்தியில், 'காலம் என் காயத்தை ஆற்றியது, அவர்களை மன்னிக்கக் கற்றுக்கொண்டேன்' என்று முடித்திருந்தது.

அக்கா மன்னிக்கவில்லை. மன்னிப்பதா வேண்டாமா என்பது உலகத்தில் ஒரே ஒருத்தர் கையில் இருக்கிற விஷயம். நிலம், பாதை, சுடுகாடு எதுவும் கைவசமில்லாத ஒருத்தருக்கு அது ஒன்றுதான் சொந்தம். அதையும் எடுத்து ஊருக்குக் கொடுத்துவிட்டது கருவி, நாசூக்காக, பிழையில்லாத தமிழில். தளத்தோடு இணைத்திருந்தால் காலையில் நான் டீ குடிக்கும்போது அது வெளியாகியிருக்கும்.

இதில் எந்திரத்துக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அது இதுவரை எழுதிக் குவித்தவற்றைப் படித்து, ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று பார்த்து எழுதுகிறது. சராசரியைப் பிடிக்கிறது. இந்தச் சமூகத்தில் சராசரி என்பது என்ன? கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25இல் 44 பேரை உயிரோடு எரித்ததைக் கூலித் தகராறு என்று எழுதிய எழுத்துதான் சராசரி. 'இரு பிரிவினர் மோதல்', 'குறிப்பிட்ட சமூகத்தினர்', 'பதற்றம் நிலவுகிறது, போலீஸ் குவிப்பு' என்று தினசரிகளில் வருகிற எழுத்துதான் சராசரி. நாம் எழுதியது அந்தக் குவியலில் கைப்பிடி அளவு. ஊர் எப்படிப் பேசுமோ அப்படித்தான் அந்தக் குவியலும் பேசும். அதைக் கொண்டு நம் தளத்தைத் தினம் நிரப்பினால் என்ன ஆகும்? நாளைக்கு வரப்போகிற எந்திரம் நம் தளத்தையும் படிக்கும். 'தலித் தளத்திலேயே மன்னித்துவிட்டதாக எழுதியிருக்கிறார்களே' என்று அது கற்றுக்கொள்ளும்.

இந்த இடத்தில் படித்த நண்பர்கள் ஒரு தத்துவத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆசிரியன் இறந்துவிட்டான், பிரதிதான் பேசுகிறது, யார் எழுதினால் என்ன என்பார்கள். ரோலன் பார்த் அதை எழுதியது 1967இல். தமிழ்ச் சிறுபத்திரிகைகளில் அது சூடாகப் பேசப்பட்ட காலத்தில்தான் 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. எம்.ஏ. வகுப்பில் இரண்டையும் ஒரே பருவத்தில் படித்தேன். ஒரு பக்கம் 'நான்' என்பதே ஒரு கட்டுமானம் என்று குறிப்பு எழுதிக்கொண்டிருந்தோம், இன்னொரு பக்கம் அதுவரை 'அதுகள்' என்றும் 'அந்தச் சனங்க' என்றும் மட்டுமே எழுதப்பட்டவர்கள் முதன்முதலாக 'நான்' என்று எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தோம். பார்த் கேட்ட கேள்வி தப்பு என்று சொல்லவில்லை. ஆயிரம் வருஷமாக ஆசிரியனாக உட்கார்ந்திருந்தவன் சாகட்டும், நல்லதுதான். இன்னும் பிறக்காத ஆசிரியனுக்கு எப்படிக் கருமாதி செய்வது? அந்த 'நான்' எழுந்து நடந்து சில பத்து வருஷம்தான் ஆகிறது. அதற்குள் அதை ஒரு எழுத்துநடையாக, யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்கிற சட்டையாக ஆக்கிவிட்டது இந்தக் கருவி.

சட்டம் இதில் நம் தத்துவக்காரர்களைவிடத் தெளிவாக இருக்கிறது, வேடிக்கைதான். 1867ஆம் வருஷத்து அச்சகச் சட்டம், அச்சிட்டவர் யார், எங்கே அச்சிட்டது, வெளியிட்டவர் யார் என்று தாளிலேயே போட வேண்டும் என்றது. வெள்ளைக்காரன் பிடித்து உள்ளே போடுவதற்கு வசதியாகப் போட்ட சட்டம். 2023இல் புதுச் சட்டம் வந்து அதை நீக்கியது. அது போகட்டும். அந்தச் சின்ன வரி இன்னொரு வேலையையும் செய்தது. 'இதுக்கு யாருப்பா பொறுப்பு?' என்று கேட்டால் எழுந்து நிற்க ஒரு ஆள் இருந்தார். 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருக்க வேண்டும் என்றது. பார்த்த விஷயமானால் பார்த்தவர் வர வேண்டும், கேட்ட விஷயமானால் கேட்டவர் வர வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த புதுச் சட்டத்திலும் அந்த விதி இருக்கிறது. வன்கொடுமை வழக்குகளில் கோர்ட்டில் நின்றவர்களுக்கு இதன் கனம் தெரியும். அக்கா பேரில் 'மன்னித்துவிட்டேன்' என்று நம் தளத்திலேயே ஒரு கட்டுரை கிடந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் அதைத் தாளில் எடுத்துக்கொண்டு வந்து, "இது நீங்க எழுதினதுதானே?" என்று கேட்பார். அப்போது கூண்டில் நிற்பது கருவி இல்லை. சாவி கொடுத்த நானும் இல்லை. அக்கா.

அப்படியானால் இணைக்கவே கூடாதா? கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்பதைப் போடட்டும். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதியைப் போடட்டும். 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் எந்தப் பிரிவு என்ன சொல்கிறது என்பதை, நாம் ஒருமுறை சரிபார்த்துக் கொடுத்ததை, மாற்றி மாற்றிப் போடட்டும். இதற்கெல்லாம் பார்த்த கண் தேவையில்லை. தோழர் பயப்படுகிற எண்ணிக்கைப் போட்டியிலும் கருவி பெரிதாகக் கைகொடுக்காது. தேடல் வரிசையில் முன்னால் வருவதற்காக மொத்தமாக எழுதிக் குவிக்கிற பக்கங்களை, மனுஷன் எழுதினாலும் எந்திரம் எழுதினாலும், குப்பையாகக் கணக்கிடுவோம் என்று 2024 மார்ச்சில் கூகுளே அறிவித்துவிட்டது.

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். வேர்ட்பிரஸில் நிர்வாகி, தொகுப்பாளர், எழுத்தாளர் என்று படிநிலை உண்டு. அதற்குக் கீழே பங்களிப்பாளர் என்று ஒன்று. பங்களிப்பாளர் எழுதலாம், வெளியிட முடியாது. அவர் எழுதியது மேலே உள்ளவர் பார்த்து அனுமதிக்கிறவரை காத்துக்கிடக்கும். கருவிக்கென்று அந்தப் படியில் தனிக் கணக்கு ஒன்று திறந்தோம். பேர் 'கருவி' என்றே வைத்தோம், மனுஷப் பேர் வைக்கவில்லை. தோழர் சிரித்தார். "பெரிய பத்திரிகைங்க நம்மள இத்தன வருஷமா வெச்சிருந்த இடம் இதுதானே தோழர், எழுதிக் குடு, போடுறதா வேணாமான்னு நாங்க பாத்துக்கறோம்னு. இப்ப அங்க மெஷின உக்கார வெச்சிட்டீங்க" என்றார். அந்த வரிசையில் காத்துக்கிடந்தபோது நமக்கு வலித்தது, அதற்கு வலிக்காது என்றேன். அவருக்கு முழுச் சம்மதம் இல்லை. மூன்று வாரம் போனால் படித்துப் பார்க்காமலே எல்லாவற்றுக்கும் அனுமதிப் பொத்தானை அமுக்க ஆரம்பித்துவிடுவீர்கள் என்றார். அது நடக்கக்கூடிய விஷயம்தான். அதனால் வாக்குமூலப் பகுதிக்குள் கருவி எழுதிய எதையும் சேர்ப்பதில்லை என்று தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

அக்காவின் வாக்குமூலம் இன்னும் என் நோட்டில்தான் இருக்கிறது. போடுவதற்கு முன்னால் எனக்குப் படிச்சுக் காட்டுப்பா என்று சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். இரண்டு இடத்தில் அவர் 'நான்' என்றாரா 'நாங்க' என்றாரா என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது, அதைக் கேட்க வேண்டும்.