எட்டுக் கோளும் ஏழரைச் சனியும்

ஜேர்மன் பாடசாலைகளில் சிறுவர்கள் கோள்களின் வரிசையை மறக்காதிருக்க ஒரு வசனத்தைப் பாடமாக்குவார்கள். அதில் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் ஒரு கோளின் முதலெழுத்து. சூரியனுக்குக் கிட்ட உள்ள புதனில் தொடங்கிப் புளூட்டோ வரை போகும். எமது தந்தை ஒவ்வொரு ஞாயிறும் ஒன்பது கோள்களை விளக்குகிறார் என்பதுதான் அந்த வசனத்தின் பொருள். 2006 ஆகஸ்ட் 24ஆந் திகதி, பிராக் நகரிற் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் கோள்களின் பட்டியலிலிருந்து நீக்கிக் குறுங்கோள் என வகைப்படுத்தியது. அதன்பிறகு வசனத்தின் வாலை மட்டும் மாற்றினார்கள். இப்போது தந்தை விளக்குவது இரவு வானத்தை.

தந்தையையும் ஞாயிற்றுக்கிழமையையும் அப்படியே விட்டுவிட்டார்கள். எமது தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் இதை ஒப்புவிக்கும்போது நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். இவர்களின் தகப்பன்மாரில் பலருக்கு ஞாயிறு என்பது உணவகக் குசினியில் இரட்டிப்பு வேலை செய்யும் நாள். ஞாயிறுதோறும் வானத்தை விளக்கும் தகப்பன் வேறு யாருடையவோ தகப்பன்.

நாம் நாலைந்து பேர் சேர்ந்து, ஒரு தேவாலய மண்டபத்தின் பின்னறையில் சனிக்கிழமைகளில் சிறு பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறோம். அறஞ்செய விரும்புவையும் கலைவிழா நாடகத்தையும் மட்டும் தமிழிற் கொடுத்து, அறிவு சம்பந்தமான எல்லாவற்றையும் டொய்ச் மொழிக்கு விட்டுவிட்டால், தமிழ் இந்தப் பிள்ளைகளுக்குச் சாப்பிடக் கூப்பிடும் மொழியாகவும் ஏச்சு வாங்கும் மொழியாகவும் மிஞ்சும் என்ற பயம் எமக்கு இருந்தது. அதனால் சூரியமண்டலத்தைத் தமிழிற் படிப்பிக்க முடிவுசெய்தோம். எளிதான பாடம் என்றுதான் நினைத்தோம். கிழமை நாட்களின் பெயர்கள் தெரிந்த பிள்ளைக்குப் பாதிப் பாடம் முடிந்துவிட்டது. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. வெறுங்கண்ணுக்குத் தெரிந்து, நட்சத்திரங்களுக்கிடையே இடம் மாறிப் போகும் ஏழு ஒளிகளும் எமது கிழமைக்குள்ளேயே இருக்கின்றன. யுறேனஸ் 1781இலும் நெப்டியூன் 1846இலும் தொலைநோக்கியால் கண்டுபிடிக்கப்பட்டவை. அவற்றுக்கு எமது வாயிற் புழங்கும் பெயர் இல்லை.

முதற் சிக்கல் புளூட்டோவில் வந்தது. பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒரு தகப்பன் சுவரில் இருந்த படத்தைப் பார்த்து, "ஒன்றை விட்டிட்டியள்" என்றார். அவரது மகன், இரண்டாம் வகுப்பு, எல்லோருக்கும் முன்னால், "அப்பா, அது இப்ப கோள் இல்லை. உங்களுக்குத் தெரியாது" என்றான். அந்த வார்த்தையில் அவருக்கு இந்த நாட்டில் தெரியாதவை அத்தனையும் இருந்தன. கடிதங்களை மகன்தான் வாசித்துச் சொல்கிறான், வைத்தியரிடம் மகன்தான் கதைக்கிறான். மிஞ்சியிருந்தது ஊர்ப் பள்ளிக்கூடத்திற் படித்த ஒன்பது கோள்கள். இப்போது அதிலும் ஒன்று போய்விட்டது.

அன்றிரவு எமக்குள் வாக்குவாதம். பிழையானதைச் சொல்லித்தருவதும் பொய் சொல்வதும் ஒன்றா? 1930இற் கண்டுபிடிக்கப்பட்ட புளூட்டோவைக் கோள் என்று எமக்குச் சொல்லித்தந்த ஆசிரியர்கள் பொய்யர்கள் அல்லர். அவர்கள் தமக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். ஆனால் ஒன்று உண்டு. ஒன்பது பெயர்களைச் சொன்னவர்கள், அது எப்படித் தெரியும் என்பதைச் சொல்லவில்லை. யார் பார்த்தார், எதைக் கொண்டு பார்த்தார், கோள் என்று எதைச் சொல்கிறோம் என்று நாமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பட்டியல் மாறியபோது அந்தத் தகப்பன் தலைகுனிய வேண்டியிருந்திராது. வரைவிலக்கணம் மாறியது, புளூட்டோ எங்கும் போகவில்லை, அங்கேயேதான் சுற்றுகிறது என்று மகனுக்குச் சொல்லியிருப்பார்.

பெயர்களைப் பாடமாக்குவதைப் பற்றி இளக்காரமாகப் பேசவும் எமக்கு மனமில்லை. ஜோன் வாரன் என்ற அதிகாரி, 1825இல் சென்னையில் அச்சான தனது காலசங்கலித நூலில், புதுச்சேரியில் இருந்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்த மனிதர் தரையிற் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக இருந்த வாக்கியங்களைக் கொண்டு, அந்த ஆண்டு மே 31 இரவின் சந்திரகிரகணத்தைக் கணித்துக்காட்டினார். கடதாசி இல்லை, எழுதுகோல் இல்லை. தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும்தான் பிழை. வானியல் வரலாற்றறிஞர் ஓட்டோ நொய்கெபவர் 1952இல் இதை எடுத்து ஆராய்ந்தார். வாரன் சொல்லும் இன்னொரு விடயம்தான் எம்மை உறுத்துகிறது: கணிதத்தின் பின்னாலிருந்த தத்துவம் அந்த மனிதருக்கு ஒரு சொல்லும் தெரியாது, அவரிடம் இருந்தது ஞாபகசக்தி. பல நூற்றாண்டு அறிவு ஒரு மனிதனின் நாக்கில் முழுதாக வந்துசேர்ந்திருக்கிறது, காரணம் மட்டும் எங்கோ வழியிற் தவறிவிட்டது. அதைப் பெருமையாகச் சொல்வதா, துக்கமாகச் சொல்வதா என்பதில் நாம் இன்னும் ஒத்துப்போகவில்லை.

இராகு கேதுவும் அப்படித்தான். கோயிலில் ஒன்பது கிரகங்கள். அதிற் சூரியன் ஒரு நட்சத்திரம், சந்திரன் ஒரு துணைக்கோள், ஐந்து கோள்கள். இராகுவும் கேதுவும் எந்தத் தொலைநோக்கிக்கும் தெரியாதவை. சந்திரனின் பாதையும் சூரியன் செல்வதாகத் தோன்றும் பாதையும் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு புள்ளிகள் அவை. அந்தப் புள்ளிகளுக்குக் கிட்டச் சூரியனும் சந்திரனும் வரும்போதுதான் கிரகணம் நடக்கும். பாம்பு விழுங்குகிறது என்ற கதைக்குள் சரியான கேத்திரகணிதம் ஒளிந்திருக்கிறது. நாம் இளைஞர்களாக ஊர்ப் பகுத்தறிவுக் கூட்டங்களில் இராகுவைக் கேலி செய்தபோது எமக்கு இது தெரியாது. பாம்பைத் தூக்கியெறிந்ததோடு புள்ளியையும் எறிந்துவிட்டோம். (அந்தக் கூட்டங்களிற் பேசிய எமக்குள் ஒருவர், கொழும்பில் விமானம் ஏறிய நாளில் வீட்டிலிருந்து இராகுகாலத்துக்கு முன்னர்தான் வெளிக்கிட்டார். பெயர் வேண்டாம்.)

2015 மார்ச் 20ஆந் திகதி இங்கே பகுதிச் சூரியகிரகணம் வந்தபோது, கண் பழுதாகும் என்று பயந்து சில பாடசாலைகள் பிள்ளைகளை வெளியே விடவில்லை. யாழ்ப்பாணத்தில் எமது அப்பாச்சியும் கதவைப் பூட்டித்தான் வைத்தார். காரணம் வேறு, கதவு ஒன்றுதான்.

1992இல் ஸ்டெல்லா வொஸ்னியாடு, வில்லியம் புரூவர் என்ற இரு ஆய்வாளர்கள், அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் அறுபது ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளிடம் பூமி எப்படியிருக்கும் என்று விசாரித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பூமி உருண்டை என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்தாயிற்று. காலடியிற் தரையோ தட்டையாக இருக்கிறது. பிள்ளை என்ன செய்யும்? சில பிள்ளைகள் இரண்டு பூமிகளை வைத்துக்கொண்டார்கள். ஆசிரியர் சொல்லும் உருண்டைப் பூமி மேலே வானத்தில் இருக்கிறது, நாங்கள் இருக்கும் தட்டைப் பூமி இங்கே கீழே இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று மோதாது. இதை வாசித்தபோது பிள்ளைகளைவிட எம்மைப் பற்றித்தான் அதிகம் யோசித்தோம். பகலில் ஒரு வானத்தின் கீழும் வெள்ளிக்கிழமை மாலையில் இன்னொன்றின் கீழும் நடமாடுகிறவர்கள் நாம். உடல் ஒரு பூமியிலும் மற்றதெல்லாம் இன்னொன்றிலும். இரண்டையும் மோதவிடாமல் வைத்திருப்பதில் எமக்குள்ள தேர்ச்சி அந்தப் பிள்ளைகளுக்கு வராது.

2024 இலையுதிர் காலத்தில் அவை இரண்டும் எமது வகுப்பில் மோதின. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. அதிகம் கதைக்காதவள். சனிக்கோளின் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது கையை உயர்த்தினாள்.

"சேர், இந்த வளையம் போட்ட சனிதானோ அப்பான்ர வேலையை எடுத்தது? அம்மா சொன்னவ, ஏழரைச் சனியாம்."

மற்றப் பிள்ளைகள் சிரிக்கவில்லை. அதுவே எமக்கு ஆச்சரியம். தகப்பன் வேலைசெய்த உணவகம் மூடப்பட்டு ஒரு வருடமாகியிருந்தது. நகைகள் அடைவுக்குப் போயிருந்தன. அவர் யாரோடும் கதைப்பதில்லை என்று கேள்விப்பட்டிருந்தோம்.

என்ன சொல்வது? 'இல்லை' என்றால் தாயைப் பொய்யாக்குகிறோம். 'அது சமயம், வீட்டிற் கேள்' என்றால் பிள்ளை கேட்டது சமயக் கேள்வி அல்ல. அவள் கேட்டது காரணம். எட்டு வயதிற் காரணம் கேட்கும் ஒரு பிள்ளைக்கு மழுப்பலாகப் பதில் சொன்னால், அவள் இனி எம்மிடம் கேட்கமாட்டாள். அது தாயைப் பொய்யாக்குவதைவிடக் கெடுதி என்று அப்போது நினைத்தோம்.

பதிலுக்குப் பதிலாக அளந்து காட்ட முடிவுசெய்தோம். பிள்ளைகளின் உதைபந்து ஒன்று கிடந்தது. அதுதான் சூரியன். அந்த அளவுக்குப் பூமி இரண்டு மில்லிமீற்றர், ஒரு கடுகு. பந்தை மண்டப வாசலில் வைத்துவிட்டு 24 மீற்றர் நடந்து, ஒரு கடதாசியிற் பசைபோட்டுக் கடுகை ஒட்டி வைத்தோம். சந்திரன் கடுகிலிருந்து ஆறு சென்ரிமீற்றரில் ஒரு ரவைக் குறுணி. மனிதர் போய் வந்த தூரம் அவ்வளவுதான். வியாழனுக்கு ஒரு நெல்லிக்காய் அளவு களிமண் உருண்டை, 120 மீற்றரில். சனிக்கு அதைவிடச் சற்றுச் சிறிய உருண்டை, 230 மீற்றரில், பேருந்துத் தரிப்பிடத்தின் வாங்கில். நெப்டியூன் ஒரு கொண்டைக்கடலை. அதற்கு 700 மீற்றர் நடக்கவேண்டும், பிள்ளைகளுக்குக் குளிர்ந்துவிட்டது, போகவில்லை. புத்தகங்களில் எல்லாக் கோள்களையும் ஒரே பக்கத்தில் வரிசையாக நெருக்கிவைத்திருக்கும் படத்தைப் பார்த்து வளர்ந்த எமக்கே அந்த வெறுமை திகைப்பாயிருந்தது. அடுத்த நட்சத்திரம் எங்கே என்று ஒரு பையன் கேட்டான். கணக்குப் பார்த்தோம். இந்தப் பந்தின் அளவுக்கு அது ஏறத்தாழ 6,300 கிலோமீற்றர். யாழ்ப்பாணம் போகிற வழியில் முக்கால்வாசித் தூரம் தாண்டியாயிற்று.

பேருந்து வாங்கில் சனியை வைத்துவிட்டு அந்தப் பிள்ளை திரும்பிப் பார்த்தாள். கடுகு தெரியவில்லை. கடதாசியே தெரியவில்லை.

"சனிக்கு அப்பாவைத் தெரியாது" என்றாள்.

நாம் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. உள்ளூர எமக்குச் சந்தோசம் என்பதையும் மறைப்பதற்கில்லை. வானத்தில் இருக்கும் ஒன்று தன் தகப்பன்மேல் கோபமாயிருக்கிறது என்ற பயத்தோடு ஒரு பிள்ளை நித்திரைக்குப் போகவேண்டியதில்லை. படிப்பு என்று ஒன்று இருப்பது அதற்குத்தானே.

அடுத்த சனிக்கிழமை தாயார் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்றுதான் நினைத்தோம். அவர் கதிரையில் இருந்து, மெதுவாகத்தான் கதைத்தார்.

"சேர், நீங்கள் படிப்பிச்சது பிழையெண்டு நான் சொல்லேல்லை. நானும் ஏ.எல். சயன்ஸ் படிச்சனான். சனி எவ்வளவு தூரமெண்டு எனக்கும் தெரியும். ஆனால் சனி இல்லையெண்டால் நான் ஆரை நோகிறது? இந்த மனுசனையோ? அவரும் தன்னைத்தானே நோகத் துவங்கினால் என்ன செய்யிறது? இப்ப ரெண்டு பேரும் சனியை நோகிறம், ஒரே வீட்டில இருக்கிறம்."

பிறகு சொன்னார்: "வேலை எப்ப கிடைக்குமெண்டு ஒருத்தரும் திகதி சொல்லமாட்டினம். சனி போறதுக்கு ஒரு திகதி இருக்கு. அவர் மகர ராசி. வாற பங்குனியோட முடியுது."

எம்மிடம் பதில் இருக்கவில்லை. மூடநம்பிக்கை என்று நாம் பெயர் வைத்திருந்த ஒன்றை, விடயம் தெரிந்த ஒரு பெண், ஒரு குடும்பத்தைத் தாங்கும் முண்டாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பிள்ளையின் பயத்தை நாம் எடுத்தோம், அதே கையால் தாயின் முண்டையும் ஆட்டினோம். உண்மையைச் சொன்னவருக்கு அதன் பின்விளைவிற் பங்கில்லை என்று எமக்குள் ஒருவர் இன்றும் வாதிடுகிறார். மற்றவர்களால் அவ்வளவு இலகுவாகக் கைகழுவ முடியவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை திரும்பவும் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டால், திரும்பவும் பந்தைத்தான் எடுப்போம். இதில் மட்டும் எமக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். ஏழரை என்பது வெறும் கற்பனை எண்ணல்ல. சனி சூரியனைச் சுற்ற இருபத்தொன்பதரை வருடம், ஒரு ராசிக்கு ஏறத்தாழ இரண்டரை, மூன்று ராசிக்கு ஏழரை. யாரோ பொறுமையாகப் பார்த்து எண்ணியிருக்கிறார்கள். ஆனால் சனி மீனத்துக்கு மாறுவது திருக்கணிதப் பஞ்சாங்கத்தின்படி 2025 மார்ச் 29, வாக்கிய பஞ்சாங்கத்தின்படி 2026 மார்ச் 6. ஒரே கோள், ஒரே வானம், ஏறத்தாழ ஒரு வருட வித்தியாசம். தாயார் சொன்ன பங்குனி எந்தப் பஞ்சாங்கத்துப் பங்குனி என்று எமக்கு உடனே விளங்கியது. மற்றத் திகதி ஒன்று இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா என்பது விளங்கவில்லை. பிள்ளைக்கு உண்மையைச் சொல்லியே தீரவேண்டும் என்று நின்ற நாம், தாய்க்கு அதைச் சொல்லவில்லை. தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணி கொடுத்தோம்.

பங்குனி வந்து போனது. தகப்பனுக்கு வேலை கிடைத்தது 2025 ஆவணியில், ஒரு களஞ்சியசாலையில், இரவுவேலை. அந்தச் சனிக்கிழமை தாயார் பிள்ளைகள் எல்லோருக்கும் வடை சுட்டுக்கொண்டு வந்தார். சனியைப் பற்றி அவரும் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை.