புனிதமும் பசியும்

ஓர் உயிரைப் புனிதமானது என்று நாம் சொல்லும்போது உண்மையில் என்ன செய்கிறோம்? அதனிடம் இயல்பாகவே உள்ள பெருமையைக் கண்டறிந்து கூறுகிறோமா? அல்லது நமக்கு நாமே ஒரு கடமையை விதித்துக் கொள்கிறோமா? முதலாவது மட்டும்தான் என்றால், சொல்லிவிட்டு நாம் நம் வழியே போய்விடலாம். இரண்டாவதும் அதில் அடங்கியிருக்கிறது என்றால், அந்தச் சொல்லை உச்சரித்த கணத்திலேயே நாம் கடன்பட்டவர்களாகி விடுகிறோம்.

இந்தக் கேள்வியைச் சிந்திப்பதற்கு மிகவும் பொருத்தமான ஓர் இடம் ஜப்பானில் இருக்கிறது. அதுதான் நாரா.

மான்கள் உலவும் நகரம்

கி.பி. 710 முதல் 784 வரை ஜப்பானின் தலைநகரமாக விளங்கியது நாரா. அங்குள்ள தோதாய்-ஜி ஆலயத்தில் சுமார் 15 மீட்டர் உயரமுள்ள வெண்கலப் புத்தர் வீற்றிருக்கிறார். 752ஆம் ஆண்டில் அத்திருவுருவத்திற்குக் கண் திறக்கும் சடங்கை நடத்தியவர் போதிசேனர். தென்னிந்தியாவிலிருந்து வந்தவர் என்று ஜப்பானியர் போற்றும் துறவி அவர். அவர் பிடித்திருந்த தூரிகையில் நீண்ட கயிறுகள் கட்டப்பட்டிருந்தன. கூடியிருந்தோர் அக்கயிறுகளைப் பற்றிக்கொண்டு, தாமும் அந்தக் கண் திறப்பில் பங்கு பெற்றனர். அந்தத் தூரிகை இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

தோதாய்-ஜி, கோஃபுகு-ஜி ஆகிய பௌத்த ஆலயங்களையும், கசுகா தாய்ஷா என்னும் ஷிந்தோ ஆலயத்தையும் சூழ்ந்த நிலம் 1880ஆம் ஆண்டில் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதில் வேலியோ கூண்டோ இன்றி 1,300க்கும் மேற்பட்ட மான்கள் உலவுகின்றன. புல்வெளிகளில் மேய்கின்றன, சாலையைக் கடக்கின்றன, ஆலய வாயில்களின் நிழலில் படுத்து அசைபோடுகின்றன.

கசுகா ஆலயம் 768ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அங்கு எழுந்தருளியுள்ள தெய்வங்களுள் ஒருவர் தொலைவிலுள்ள காஷிமாவிலிருந்து வெண்ணிற மானின் மீதேறி வந்தார் என்பது ஐதிகம். எனவே நாராவின் மான்கள் தெய்வத்தின் தூதர்கள் என்று மக்கள் நம்பினார்கள்.

அங்கே வருபவர்கள் முதலில் செய்வது, 'ஷிகா சென்பெய்' என்னும் மான் பிஸ்கட்டுகளை வாங்குவதுதான். அரிசித் தவிடும் கோதுமை மாவும் சேர்த்து, சர்க்கரை இல்லாமல் சுடப்படுபவை அவை. அவற்றைச் சுற்றியுள்ள காகிதப் பட்டியைக்கூட மான் தின்றால் தீங்கு நேராத வகையில் தயாரிக்கிறார்கள். விற்பனையில் ஒரு பகுதி மான்களின் பாதுகாப்புக்குச் செல்கிறது. பிஸ்கட்டைக் கண்டதும் மான் தலையைத் தாழ்த்தி வணங்குகிறது. பார்ப்பவர்கள் மகிழ்ச்சியில் ஆழ்கிறார்கள். அது உணவை எதிர்பார்த்து மான் கற்றுக்கொண்ட பழக்கம். பிஸ்கட்டைக் காட்டிக் காட்டித் தராமல் விளையாடினால், வணங்கிய அதே மான் சட்டையைக் கடித்து இழுக்கும். சில சமயம் முட்டவும் செய்யும்.

இங்கே ஒரு நிமிடம் நின்று யோசிக்கலாம். தெய்வத் தூதர் என்று நாம் அழைத்த உயிர் நம்மை வணங்குகிறது; நாமோ அதை வேடிக்கை பார்க்கிறோம். உண்மையில் யார் யாரை வணங்க வேண்டும்?

இரண்டு கதைகள்

பழங்காலத்தில் நாராவில் மானைக் கொல்வது கொடிய குற்றம். தன் வீட்டு வாசலில் மான் இறந்து கிடந்தால் பழி தன்மீது விழுமே என்று அஞ்சி, மக்கள் விடியுமுன் எழுந்து வாசலைப் பார்ப்பார்களாம். இறந்த மான் கிடந்தால் சத்தமின்றிப் பக்கத்து வீட்டு வாசலுக்கு நகர்த்திவிடுவார்களாம். நாரா மக்கள் அதிகாலையில் எழுபவர்கள் என்னும் பேச்சுக்கு இப்படி ஒரு காரணம் சொல்வார்கள். சிரிக்கத் தோன்றும் இந்தச் செய்திக்குள் அச்சம் இருக்கிறது. புனிதத்தின்மீது கொண்ட பக்தி, அண்டை வீட்டாரைக் காட்டிக்கொடுக்கும் அளவுக்கு மனிதர்களைச் சுருக்கியிருக்கிறது.

அந்த அச்சத்தின் உச்சத்தை, கோஃபுகு-ஜி வளாகத்தோடு தொடர்புடைய ஒரு பழங்கதை சொல்கிறது. சன்சாகு என்ற சிறுவன் எழுத்துப் பயிற்சி செய்துகொண்டிருந்தான். ஒரு மான் வந்து அவனது காகிதத்தைத் தின்றது. அதை விரட்டுவதற்காகக் காகிதத்தின் மேல் வைக்கும் எடைக்கட்டியை அவன் எறிந்தான். மான் இறந்துவிட்டது. தண்டனையாக, அந்தச் சிறுவனை இறந்த மானுடன் சேர்த்துக் குழியிலிட்டுக் கற்களால் மூடினார்கள். மகனை இழந்த தாய் அவ்விடத்தில் ஒரு மேப்பிள் மரத்தை நட்டாள் என்று கதை முடிகிறது. அவன் நினைவிடத்தை இன்றும் அங்கே காட்டுகிறார்கள்.

இன்னொரு கதை, ஒருவரே அமர்ந்து எல்லாப் பாத்திரங்களாகவும் பேசி நடத்தும் 'ரகுகோ' என்னும் கதைக் கலையில் வழங்கி வருவது. டோஃபு செய்பவர் ஒருவர் விடியுமுன் எழுந்து சோயாவை அரைத்துக்கொண்டிருக்கிறார். பால் பிழிந்த பின் எஞ்சும் சக்கையை ஏதோ ஒரு பிராணி இருட்டில் தின்றுகொண்டிருக்கிறது. நாய் என்று எண்ணி ஒரு விறகுக் கட்டையை எறிகிறார். அது இறந்து விழுகிறது. அருகில் சென்று பார்த்தால், மான்!

வழக்கு நீதிபதியிடம் வருகிறது. அவருக்கு அந்த ஏழையைக் காப்பாற்ற வேண்டும் என்று எண்ணம். "நீ வெளியூர்க்காரன் அல்லவா? இங்குள்ள சட்டம் உனக்குத் தெரிந்திருக்காது" என்று தப்பிக்க வழி காட்டுகிறார். அவரோ, "இல்லை ஐயா, நான் பிறந்தது இதே ஊரில்தான்" என்று உண்மையைச் சொல்லிவிடுகிறார். நீதிபதி இறந்த பிராணியைக் கொண்டுவரச் செய்து பார்த்து, "இது நாய்" என்று அறிவிக்கிறார். மான்களின் பொறுப்பாளர்கள் மறுக்கிறார்கள். "மான் என்றால் கொம்பு எங்கே?" என்கிறார் அவர். "பருவத்தில் கொம்பு உதிர்ந்துவிடும்" என்கிறார்கள். அப்போது நீதிபதியின் குரல் மாறுகிறது. "மான்களின் தீனிக்காக அரசு பணம் தருகிறது. அதை யாரோ வட்டிக்கு விடுவதாகக் கேள்விப்படுகிறேன். வயிறு நிறைந்த மான் சக்கையைத் தின்ன ஏன் வரப்போகிறது? மான் என்று நீங்கள் வற்புறுத்தினால் அதை முதலில் விசாரிக்க வேண்டியிருக்கும்." பொறுப்பாளர்கள் தலை கவிழ்ந்து, அது நாய்தான் என்று ஒப்புக்கொள்கிறார்கள்.

பொய் சொன்னவர் யார்?

தத்துவ மாணவர்களுக்கு இந்தக் கதை நல்ல விருந்து. கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்ல உரிமை இல்லை என்று 1797ஆம் ஆண்டில் எழுதினார் காண்ட். மறுபுறம், மகாபாரதத்தின் கர்ண பர்வத்தில் கௌசிகரின் வரலாறு வருகிறது. ஒளிந்திருந்தவர்களின் இடத்தைக் கள்வர்களிடம் அப்படியே சொன்ன அவர், அந்த உண்மையாலேயே நரகத்தை அடைந்தார். நீதிபதி காண்டின் தராசில் தோற்கிறார்; கௌசிகரின் கதையை வைத்துப் பார்த்தால் வெல்கிறார்.

ஆனால் நமது கவனம் நீதிபதியின் பொய்யிலேயே நின்றுவிடக் கூடாது. அந்த மன்றத்தில் அதைவிடப் பழைய பொய் ஒன்று இருந்தது. தீனிக்கு வந்த பணத்தை எடுத்துக்கொண்டு, பட்டினி கிடக்கும் மானைத் 'தெய்வத் தூதர்' என்று அழைத்துக்கொண்டிருந்தார்களே, அதுதான் அது. நீதிபதியின் பொய் ஓர் உயிரைக் காத்தது. அவர்களின் மெய்போன்ற சொல்லோ மானையும் காக்கவில்லை, மனிதனையும் காக்கவில்லை. அந்த மன்றத்தில் தனக்குக் கேடு வருமென்று அறிந்தும் உண்மை பேசியவர் டோஃபு செய்யும் ஏழை ஒருவரே.

கதையில் ஒரு குறையும் இருக்கிறது. ஏழை விடுதலையானார்; கேட்பவர்கள் மகிழ்ந்து கலைகிறார்கள். தீனிப் பணம் என்ன ஆயிற்று? மான்களின் பசி தீர்ந்ததா? கதை சொல்லவில்லை. நீதிபதியும்கூடப் பசியை ஒரு வாதமாகப் பயன்படுத்தினாரே தவிர, அதைத் தீர்க்கப் புறப்படவில்லை. நல்லவர்களும் பல நேரங்களில் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறோம்.

இன்றைய பசி

இவை பழங்கதைகள் என்று ஒதுக்கிவிட முடியாது. இரண்டாம் உலகப் போரையொட்டிய பஞ்ச காலத்தில் நாராவின் மான்கள் 79 ஆகக் குறைந்துவிட்டன. மனிதன் பசித்தபோது தெய்வத் தூதரையும் காப்பாற்ற முடியவில்லை. பின்னர் எண்ணிக்கை பெருகியது. 1957ஆம் ஆண்டில் அவை இயற்கை நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. எண்ணிக்கை பெருகியதும் அவை வயல்களில் புகுந்தன. பயிரை இழந்த விவசாயிகள் நீதிமன்றம் சென்றார்கள். 1985ஆம் ஆண்டில் சமரசம் ஏற்பட்டு, எந்தெந்தப் பகுதியில் மான்களை எந்த அளவுக்குக் காப்பது என்று நிலம் பிரிக்கப்பட்டது. பயிரை அழித்துப் பிடிபட்ட மான்கள் ஆயுள் முழுவதும் அடைப்பில் வைக்கப்பட்டன. 2023ஆம் ஆண்டில், அந்த அடைப்பிலுள்ள மான்களுக்குப் போதிய உணவில்லை என்று ஒரு கால்நடை மருத்துவர் குரல் எழுப்பினார். அரசு விசாரணை நடத்தியதில், பராமரிப்பு போதாது என்று தெரிந்தது. ரகுகோ மேடையின் பழைய கேள்வி, உண்மையான விசாரணையாக மீண்டும் வந்து நின்றது.

2019ஆம் ஆண்டில் இறந்த மான்களின் வயிற்றைத் திறந்தபோது பிளாஸ்டிக் பைகள் கட்டியாக இறுகிக் கிடந்தன. ஒன்றின் வயிற்றில் 4.3 கிலோ. அன்பு என்று எண்ணித் தின்பண்டம் கொடுத்தவர்களின் பைகளும் அவற்றில் இருந்திருக்கக் கூடும்.

இங்கே நாராவின் உணவு நமக்கு ஒன்றைக் கற்பிக்கிறது. அங்குள்ள எளிய காலை உணவு 'சாகாயு'. வறுத்த தேயிலை கொதித்த நீரில் அரிசியை வேகவைத்த கஞ்சி. கடலில்லாத அந்தப் பகுதிக்கு உப்பிட்டுக் கொண்டுவரப்பட்ட மீனைச் சோற்றின்மேல் வைத்து, பெர்சிமன் இலையில் பொதிந்து அழுத்திய 'காகினோஹா-ஸூஷி' இன்னொரு புகழ்பெற்ற உணவு. உண்டபின் எஞ்சுவது ஓர் இலை மட்டுமே. மண்ணுக்கோ மானுக்கோ அதனால் கேடில்லை. பொதியும் பொருளைக்கூட அடுத்த உயிரை எண்ணித் தேர்ந்தெடுப்பது தர்மத்தின் ஒரு பகுதி. பிளாஸ்டிக்கினால் மான்கள் இறந்த பின், அரிசித் தவிட்டையும் பழைய பால் அட்டைகளின் கூழையும் கலந்து காகிதப் பைகள் செய்யும் முயற்சி நாராவிலேயே பிறந்தது. வருத்தம் தெரிவிப்பதோடு நில்லாமல் செயலில் இறங்கிய சிரத்தை அது.

ஒரு பிடி மண், ஒரு புல்

பெரிய புத்தரை வடிக்க 743ஆம் ஆண்டில் பேரரசர் ஷோமு வெளியிட்ட ஆணையைப் பார்ப்போம். ஒரு புல்லையோ ஒரு பிடி மண்ணையோ கொண்டுவந்து உதவ விரும்புபவரையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அதில் அவர் கூறினார். விலங்குகளும் தாவரங்களும் உட்பட எல்லா உயிர்களும் செழிக்க வேண்டும் என்பது அவரது விருப்பம். அதே ஆணையில் அதிகாரிகளுக்கு ஓர் எச்சரிக்கையும் இருந்தது. இந்தப் புனிதப் பணியைக் காரணம் காட்டி மக்களை வருத்தாதீர்கள், வலிந்து வசூலிக்காதீர்கள் என்றார்.

புனிதம் என்ற சொல்லுக்குள் அடங்கியுள்ள கடன் என்ன என்பதை இந்த ஆணை தெளிவாக்குகிறது. புனிதம் என்று போற்றும் உயிரின் பசியை நாம் ஏற்க வேண்டும். அந்தச் சுமையை நம்மைவிட எளியவர்களின் தலையில் இறக்கிவைக்கக் கூடாது. சன்சாகுவின் தாயும், டோஃபு செய்பவரும், பயிரிழந்த விவசாயியும் சுமந்தது பிறருடைய பக்தியின் சுமையை. தீனிப் பணத்தை எடுத்தவர்கள் பக்தியின் பெருமையை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

நாம் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒன்றைப் புனிதம் என்று கொண்டாடுகிறோம். அது ஒரு நதியாக இருக்கலாம். பசுவாகவோ, வீட்டில் உள்ள முதியவராகவோ இருக்கலாம். அதன் முன் கைகூப்பும்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். அது இன்று உண்டதா? அதற்கான விலையை யார் கொடுத்தார்கள்? இவற்றுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடிந்த நாளில் நம் வணக்கம் முழுமை பெறும். முடியாத நாளில், ஒரு புல்லையேனும் எடுத்துக்கொண்டு கிளம்புவோம்.