சங்கிலிக் கண்ணியும் போதிசத்துவ உறுதியும்

15ஆம் நூற்றாண்டில் திபெத்திலும் பூட்டானிலும் இரும்புச் சங்கிலித் தொங்கு பாலங்களைக் கட்டிய தாங்தொங் ஜியல்போ, பொறியாளராக மட்டுமன்றிச் சித்தராகவும் போற்றப்படுகிறார். அவர் அமைத்த இரும்புப் பாலங்கள் 58 என்பது மரபுச் செய்தி. தியானத்தில் அமர வேண்டிய துறவி, உலைக்கும் சம்மட்டிக்கும் நடுவே ஆயுளைச் செலவிட்டது ஏன் என்ற வினாவுக்கு, புத்தநிலை எய்தப் புண்ணியத் திரட்டு, ஞானத் திரட்டு ஆகிய இரண்டும் வேண்டும் என்னும் மகாயானக் கொள்கையைக் காட்டி, பாலப் பணி முதலாவதில் அடங்கும் என்று விடை கூறுவது வழக்கம். அவ்விடை சரியானதே எனினும் போதுமானதன்று.

பௌத்தத்தில் வினை என்பது அடிப்படையில் சேதனை, அதாவது செயலைத் தூண்டும் எண்ணம். ஆகவே, நல்லெண்ணத்தோடு கட்டிய பாலம் அறுந்து வழிப்போக்கர் வெள்ளத்தில் மாண்டாலும் கட்டியவரின் புண்ணியம் குறையாது என வாதிட இடமுண்டு. மறுகரை நாடுவோர்க்குத் தாம் படகாகவும் பாலமாகவும் ஆக வேண்டும் என்று சாந்திதேவரின் போதிசரியாவதாரத்தில் போதிசத்துவர், அதாவது பிற உயிர்களின் விடுதலைக்காகப் புத்தநிலையை நாடுபவர், விழைவதும் உள்ளத்தில் எழும் உறுதிமொழிதான். தாங்தொங்கின் பணியோ அந்த உறுதிமொழியை வேறொரு சோதனைக்கு உள்ளாக்கியது: எண்ணம் நல்லதாயிருந்தால் போதாது, பாலம் உண்மையிலேயே தாங்க வேண்டும்.

அச்சோதனையின் கடுமையை ஒரு கண்ணியிலேயே காணலாம். இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி வளைத்து, இரு முனைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துச் சம்மட்டியால் அடித்து ஒட்டவைக்க வேண்டும். சூடு குறைந்தால் ஒட்டாது, மிகுந்தால் இரும்பே கெடும். பூட்டான் சங்கிலிகளை ஆராய்ந்த உலோகவியலாளர்கள், ஒட்டிய இடத்தில் ஆர்செனிக் கலந்த இரும்பைக் கண்டனர். அக்கலவை குறைந்த வெப்பத்திலேயே உருகி முனைகளைப் பிணைக்க உதவும். நூற்றுக்கணக்கான கண்ணிகளில் ஒன்று பிழைத்தாலும் முழுச் சங்கிலியும் பிழைத்ததாகும். இவ்விடத்தில் கருணைக்கும் கைத்திறனுக்கும் இடையே கோடு கிழிக்க இயலாது: முனைகள் சரியாகப் பிணைந்தனவா என்று பார்க்கும் கூர்மையே பிறர் உயிர்மேல் கொண்ட அக்கறை. மகாயானம் உபாயம், அதாவது தக்க வழியறியும் திறன், என்று கூறுவதன் முழுப் பொருளும் இதுவே எனலாம்.

எவ்வளவு திறம்படக் கட்டினாலும் பாலம் அநித்தியம், அதாவது நிலையாமை, என்னும் விதிக்கு உட்பட்டதே. பூட்டானில் பாரோ ஆற்றின்மீது தாங்தொங் அமைத்த தாம்சோக் பாலம் 1969இல் வெள்ளத்தில் அழிந்து, கிழக்குப் பூட்டானின் துக்சும் பாலத்தில் எஞ்சிய பழஞ்சங்கிலிகளையும் கொண்டு 2005இல் மீண்டும் எழுந்தது. அது பழைய பாலமேதானா என்ற கேள்வி, நிலைத்த ஆன்மாவை ஏற்காத பௌத்தத்துக்கு இடர்ப்பாடு தருவதில்லை; ஒரு துறையில் அறுந்ததை இன்னொரு துறையின் இரும்பால் இணைத்த கைகளும் அதே உறுதிமொழியின் தொடர்ச்சியே.