துருவும் வர்ணமும்

நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள் அநேகம். பழைய வேன் ஒன்று அங்கே பழுதுபார்க்க வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துருவின் மேலேயே பட்டி பார்த்து வர்ணம் அடித்துவிட்டால் வேலை சுலபம்; வண்டியும் மணப்பெண்போல் மினுங்கும். நாளை அதில் குழந்தைகள் ஏறுவார்கள். அடித்தகடு இற்றிருப்பதை அவர்கள் அறிவார்களா? இற்றதை வெட்டி, புதுத் தகடு பற்றவைப்பவனே நேர்மையான தொழிலாளி. அந்த நேர்மை யார் கண்ணிலும் படாது.

பக்கத்துச் சேலத்திலோ, 1981-இல் உற்பத்தி தொடங்கிய உருக்காலை எவர்சில்வர் தகடு செய்கிறது. கீறல் விழுந்தாலும், அதில் கலந்துள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து மெல்லிய கவசத்தை மறுபடி அமைத்துக்கொள்ளும். வர்ணம் வெளியே பூசுவது. குரோமியம் உள்ளே கலந்தது.

நம் ஒழுக்கம் இவற்றில் எது? பெரும்பாலோர் எவர்சில்வர் அல்ல, பழைய வேன்தான். அதனால் தாழ்வில்லை, அவ்வப்போது வர்ணத்தைச் சுரண்டிப் பார்க்கும் துணிவு இருந்தால்!