கன்னத்தில் சாம்பல்

சாண்டியா மலையின் உச்சி. நியூ மெக்சிகோ. 3,255 மீட்டர்.

மேற்கே செங்குத்தான சரிவு. ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் ஆல்புகெர்க்கி நகரம், வெயிலில். இங்கே வெயில் இன்னும் ஃபிர் மரங்களைத் தாண்டவில்லை.

காற்று.

உச்சியில் தொலைக்காட்சி, வானொலிக் கோபுரங்கள் அடர்ந்து நிற்கின்றன. காற்று அவற்றின் கம்பிகளில் ஏறும்போது ஒரு சுருதி. இறங்கும்போது இன்னொன்று.

கைப்பிடியை ஒட்டித் தீனித் தட்டு. கறுப்புச் சூரியகாந்தி விதை. அதன்மேல் கொஞ்சம் பனி.

மூச்சு கழுத்துத் துணியை நனைக்கிறது. நனைந்த இடம் விறைக்கிறது.

தட்டில் யாரும் இல்லை.

 

காலுக்கடியில் பனி, பனிக்கடியில் சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லில் கடல் உயிர்களின் தடங்கள். சுமார் 30 கோடி ஆண்டுப் பழைய கடல்.

அதன்மேல் நிற்கிறேன். விரல் நுனிகள் இருக்கின்றனவா என்று ஒரு முறை மடக்கிப் பார்க்கிறேன்.

 

வெண்புருவச் சிக்கடீ ஒன்று. ஒரே ஒரு விதை. போய்விட்டது.

பிறகு ஒரு ஸ்டெல்லர் ஜே, கொண்டை விரித்து. அதற்கு அவசரம் இல்லை. தட்டு ஆடுகிறது. பனி உதிர்கிறது.

காத்திருக்கிறேனா, நிற்கிறேனா? இரண்டுக்கும் நடுவில் எங்கோ.

 

முதலில் குரல்கள்தான். ச்யூ. ச்யூ.

மரங்களுக்கு மேலே ஒரு கூட்டம் திரும்புகிறது. இறங்குவதுபோல் வந்து விலகுகிறது. மறுபடி வருகிறது. மறுபடி விலகுகிறது.

பைனாகுலருக்குக் கை போகிறது. பாதியில் நிற்கிறது.

இறங்கிவிட்டன. தட்டு நிறையப் பழுப்பும் கறுப்பும். இடம் போதாதவை கீழே பனியில், சிந்திய விதைகளின் நடுவே.

ரோசி ஃபிஞ்ச். கோடையில் மரங்கள் வளரும் எல்லைக்கும் மேலே, பாறை இடுக்கில் கூடு வைப்பவை. உருகும் பனியின் ஓரத்தில், காற்று கொண்டுவந்து போட்ட பூச்சிகளைப் பொறுக்கித் தின்பவை. அதற்கு மேலே போக மலை இல்லாத இடத்தில் வாழ்பவை. குளிர் முற்றும்போது மட்டும் கொஞ்சம் கீழே வருகின்றன.

இந்த உச்சி அவற்றுக்குக் கீழ்.

 

வட அமெரிக்காவின் மூன்று வகையும் ஒரே தட்டில். அப்படிக் கூடும் இடங்கள் அதிகம் இல்லை.

கறுப்பு வகைதான் கூடுதல். கரி உடல், பின்தலையில் சாம்பல். பழுப்புத் தலை வகையில் அந்தச் சாம்பல் ஏறக்குறைய இல்லை. கோடையில் அதன் வீடு பெரும்பாலும் கொலராடோ. மூன்றாவது, சாம்பல் தலை. இலவங்கப்பட்டை நிற மார்பு. நெற்றி கறுப்பு. அதற்குப் பின்னால் திருநீறு பூசியது போல ஒரு பட்டை, கண்ணோடு நின்றுவிடுகிறது.

கையேட்டில் எல்லாம் பக்கவாட்டில் நிற்கின்றன, ஒரே வெளிச்சத்தில், ஒரே அளவில். அது கொஞ்சம் ஏமாற்று வேலை. இங்கே முதுகு தெரிகிறது. பிறகு வால். பிறகு வேறொன்றின் இறக்கை.

1983இல் அமெரிக்கப் பறவையியலாளர் சங்கம் மூன்றையும் ஒரே இனமாகச் சேர்த்தது. 1993இல் மறுபடி பிரித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பார்த்தவர்களின் குறிப்பேட்டில் மூன்றுக்கும் ஒரே வரி.

 

விதை அலகில் உருள்கிறது. நாக்கு அதைத் திருப்புகிறது. ஓடு இரண்டாகி விழுகிறது. அடுத்தது.

அத்தனை அலகுகளும் ஒரே நேரத்தில் ஓடு உடைக்கும் ஒலி. மிகச் சிறியது. காற்று ஓயும் கணத்தில் மட்டும் கேட்கிறது.

இறக்கை ஓரத்தில் இளஞ்சிவப்பு. வெயில் பட்டால் உண்டு. இல்லையென்றால் இல்லை.

 

தட்டின் அந்தப் பக்கம், ஒன்று.

இலவங்க மார்பு. கறுப்பு நெற்றி. சாம்பல் கண்ணோடு நிற்கவில்லை. கன்னத்தில் இறங்கியிருக்கிறது.

அல்லது நிழலா?

திரும்புகிறது. வேறொன்று நடுவில் வருகிறது. நகர்கிறது. மறுபடி கன்னம். முழுதும் சாம்பல், தொண்டைக் கறுப்பு வரை.

ஹெப்பர்ன் வடிவம். சாம்பல் தலையில் ஒரு பிரிவு, வடமேற்கின் மலைகளுக்கு உரியது. வாஷிங்டனின் எரிமலைச் சரிவுகள், அங்கிருந்து அலாஸ்கா வரை. இங்கே எப்போதாவது ஒன்று.

நெஞ்சு வேகமாக அடிக்கிறது. உயரத்தாலும் இருக்கலாம்.

பெயர் மனதில் வந்ததும் பார்ப்பது கொஞ்சம் நின்றுபோகிறது. அதைக் கவனிக்கிறேன். மறுபடி பார்க்கிறேன். கன்னத்தின் சாம்பலில் ஒரு இறகு மட்டும் நிமிர்ந்திருக்கிறது.

பெயர் மீண்டும் வருகிறது. போகிறது.

 

ஒரு நிழல். காக்கையா, பருந்தா, மேகமா?

தட்டு காலி.

கூட்டம் முழுதும் சரிவின் விளிம்பைத் தாண்டிக் கீழே சாய்கிறது. ஒன்றும் பின்தங்கவில்லை. தட்டு இன்னும் ஆடுகிறது.

எழுதுகிறேன். மை வரவில்லை. பென்சில்.

கன்னம் சாம்பல்: ஒன்று. பழுப்புத் தலை: சில. கறுப்பு: பல. பெண் ஒன்று, மங்கல், எது என்று தெரியவில்லை.

 

சிலவற்றின் காலில் வளையம் இருக்கிறது. பிடித்து, எடை பார்த்து, எண் மாட்டி, விட்டவர்கள் உண்டு. எண் உள்ள பறவையிடம் ஏதோ ஒன்றைக் கேட்கலாம்: முன்பு எங்கே, எந்தக் குளிர்காலம்.

கன்னத்தில் சாம்பல் இருந்த அந்தப் பறவையின் அலகு இப்போது மஞ்சள். கோடைக்குள் கறுக்கும். தாய், தந்தை இரண்டுக்கும் வாயடியில் பை வளரும், குஞ்சுக்கு இரை சுமக்க. ஏதோ ஒரு பாறை இடுக்கு. எது என்று கேட்க எண் வேண்டும்.

அதன் காலில் வளையம் இல்லை.