சொல்லுதலும் காட்டிக்கொடுத்தலும்

ஒக்லாந்தில் ஒரு தெருவின் செய்திகள் பெரும்பாலும் சின்னச் செய்திகளே. மூன்றாம் வீட்டு நாய் இரவிரவாகக் குரைக்கிறது. குப்பைத் தொட்டிகளை யாரோ தட்டி விழுத்திவிட்டார்கள். மூலைக் காணியில் இருந்த பழைய வீட்டை இடித்து ஆறு மாடிவீடுகள் கட்டுகிறார்கள். இனிக் கார் நிறுத்த இடமிராது. முன்பின் தெரியாத இரண்டு பொடியன்கள் மாலையில் வீடுகளைப் பார்த்தபடி நடந்து போனார்கள், கவனம். ஒரு காலத்தில் இவை வேலிக்கு மேலாலும், தபாற்பெட்டியில் விழும் இலவச வட்டாரப் பத்திரிகையிலும் வந்தன. இப்போது கைத்தொலைபேசியில் வருகின்றன. மவுண்ட் ரொஸ்கில், சாண்ட்ரிங்ஹம் என்று எம்மவர் வாழும் பகுதிகளிலும் இதே செய்திகள்தான். எம்மவரும் அவற்றை விடாமல் வாசிக்கிறார்கள். ஆனால் முடிவில் வழக்கமாக ஒரு வரி வரும்: "இப்படி ஏதும் கண்டால் உடனே அறிவியுங்கள்." அந்த இடத்தில் எம்மில் பலருக்குக் கை நின்றுவிடுகிறது. அந்தத் தயக்கம் நல்லதா, கெட்டதா என்பதே என் கேள்வி.

அறிவிப்பது இந்நாட்டில் மிகவும் இலகுவான காரியம். பக்கத்து வீட்டில் பாட்டுச் சத்தம் கூடிவிட்டால் எந்நேரமும் மாநகரசபைக்கு ரெலிபோன் எடுக்கலாம். அதிகாரி ஒருவர் வந்து கேட்பார். சத்தம் அளவுமீறியது என்று கண்டால், 1991ஆம் ஆண்டின் வள முகாமைத்துவச் சட்டத்தின்கீழ் அதைக் குறைக்கும்படி கட்டளையிடுவார். அக்கட்டளை 72 மணித்தியாலம் வரை செல்லுபடியாகும். மீறினால் பொலிசாருடன் வந்து ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு போகவும் அதிகாரம் உண்டு. முறையிட்டவர் வெளியே வந்து நிற்கவேண்டியதில்லை. ஆபத்துக்கு 111, அவசரமில்லாதவற்றுக்கு 105. 2020 மார்ச்சில் கோவிட் முடக்கம் தொடங்கிய சில நாட்களில், விதி மீறுவோரைப் பற்றி அறிவிக்கவெனப் பொலிஸ் ஓர் இணையப் படிவத்தைத் திறந்தது. வந்து குவிந்த முறைப்பாடுகளின் பாரம் தாங்காமல் அது படுத்துவிட்டது. அயலவரைப் பற்றிச் சொல்ல அத்தனை பேர் காத்திருந்தார்கள்.

இங்குள்ள பேச்சு ஆங்கிலத்தில் இதை 'டொப் இன்' பண்ணுதல் என்பார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் வாயில் அடிபடும் சொல். அதில் கொஞ்சம் இளக்காரம் இருக்கிறது, அவ்வளவுதான். எங்களிடம் இதற்கு இருக்கும் சொல் 'காட்டிக்கொடுத்தல்'. அந்தச் சொல்லை நாங்கள் கனதியில்லாமல் உச்சரிக்க முடியாது.

ஏன் என்பது வாசகருக்குத் தெரியும். 1983 ஜூலையில் கொழும்பில் காடையர் கூட்டம் வாக்காளர் இடாப்புடன் வந்தது. எந்த வீடு தமிழர் வீடு என்பது தாளில் எழுதியிருந்தது. பின்னர் ஊரில் சுற்றிவளைப்பு நடக்கும்போதெல்லாம் எங்களை வெளியில் வரிசையாக நிறுத்தி, முகத்தை மூடிய ஒருவனின் முன்னால் நடக்கவிட்டார்கள். அவனைத் தலையாட்டி என்றோம். இலங்கை இராணுவத்திடமும் தலையாட்டி இருந்தான், இந்திய இராணுவத்திடமும் இருந்தான். அவன் தலை அசைந்தால் ஒரு பொடியன் லொறியில் ஏறினான். மறுபக்கம், காட்டிக்கொடுத்தார் என்ற சந்தேகமே போதுமென்று மின்கம்பத்தில் கட்டிச் சுடப்பட்டு, கழுத்தில் 'துரோகி' என்ற மட்டையுடன் தொங்கியவர்களையும் பள்ளிக்கூடம் போகும் வழியில் கண்ட தலைமுறை இது. கொழும்பில் லொட்ஜிலோ உறவினர் வீட்டிலோ தங்கினால் பொலிசில் பதியவேண்டும் என்றார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி அந்த லொட்ஜுகளிலிருந்து 300 இற்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்களில் ஏற்றி நகரத்துக்கு வெளியே அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது. தமிழர் எங்கே தங்கியிருக்கிறார்கள் என்பது பொலிசுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. பதிவு என்பது அதற்குத்தானே.

இப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தவர்களுக்கு வாயை மூடிக்கொள்வது ஒரு ஒழுக்கம். "எனக்குத் தெரியாது, நான் பார்க்கவில்லை" என்ற இரண்டு வசனங்களால் உயிர்கள் காப்பாற்றப்பட்டன. 1983இல் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பங்கள் பல, தங்கள் அறைகளுக்குள் தமிழரை மறைத்துவைத்துக்கொண்டு வாசலில் நின்று அந்த வசனங்களைத்தான் சொன்னார்கள். அந்தப் பொய்யை விட உண்மையான வார்த்தை அன்று கொழும்பில் பேசப்பட்டிருக்குமா என்பது சந்தேகம்.

ஆனால் எங்கள் மௌனத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். அம்மாதத்தில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். அவர்கள் எங்கள் அயலவர். நாங்கள் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. பெரும்பாலானோர் பேசவுமில்லை. பயம் இருந்தது, மறுக்கவில்லை. எனினும் பயத்தால் வந்த மௌனத்தை நெறியால் வந்த மௌனம் என்று பின்னாளில் பெயர்மாற்றி வைத்துக்கொள்வது நேர்மையாகாது.

ஒக்லாந்தில் இந்தப் பெயர்மாற்றம் தொடர்ந்து நடக்கிறது. மெல்லிய பலகைச் சுவர்களுக்கு அப்பால் ஒரு பெண் அழுகிறாள். ஏதோ விழுந்து உடைகிறது. பிறகு சத்தமில்லை. அடுத்த நாள் அவள் வெயிலில்லாத நேரத்திலும் கறுப்புக் கண்ணாடியுடன் பிள்ளையைப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போகிறாள். "அது அவையின்ரை குடும்ப விசயம், எங்களுக்கேன் தேவையில்லாத வேலை" என்கிறார் ஒருவர். "பொலிசுக்கு அடிச்சால் நாளைக்கு எங்கடை சனத்தின்ரை முகத்திலை முழிக்கேலாது" என்கிறார் இன்னொருவர். இரண்டாமவரின் வார்த்தையில் அந்தப் பழைய சொல் ஒளிந்திருக்கிறது: எங்கள் ஆளை வெள்ளையனின் பொலிசுக்குக் காட்டிக்கொடுக்கலாமா? நியூசிலாந்துப் பொலிஸ் அண்மைய ஆண்டுகளில் விசாரித்த குடும்ப வன்முறைச் சம்பவங்கள் ஆண்டொன்றுக்கு ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். இது எல்லா இனத்தவரின் வீட்டிலும் இருக்கும் நோய். 1995இல் ஒக்லாந்தில் தொடங்கப்பட்ட சக்தி என்ற அமைப்பு குடிபெயர்ந்த ஆசியப் பெண்களுக்கெனத் தனிப் புகலிடங்களை நடத்தவேண்டி வந்ததென்றால், எங்களைப் போன்றவர்களின் வீடுகளுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஊகிக்கலாம்.

அப்படியானால் எல்லாவற்றையும் அறிவித்துவிடலாமா? அதிகாரம் என்பது எல்லோருக்கும் ஒரேமாதிரித் திறக்கும் கதவு அல்ல என்பதை இந்த நகரத்தின் வரலாறே சொல்கிறது. 1974இலும் 1976இலும் விசா முடிந்தவர்களைத் தேடி, சமோவா, தொங்கா மக்களின் வீடுகளுக்குள் பொலிசார் விடியற்காலையில் புகுந்தார்கள். 1976 ஒக்ரோபரில் தெருவில் போனவர்களையே நிறுத்திக் கடவுச்சீட்டுக் கேட்டார்கள். பொன்சன்பியில் 1971இல் உருவான பொலினேசியன் பாந்தர்ஸ் இளைஞர்கள் பதிலுக்கு அரசியல்வாதிகளின் வீட்டுவாசலில் விடியற்காலையில் ஒலிபெருக்கியுடன் போய் நின்றார்கள். பசிபிக் தீவினரை மட்டும் குறிவைத்தது பிறகும் தொடர்ந்தது. 1985-86இல் விசா காலம் கடந்து தங்கியவர்களில் அவர்கள் மூன்றிலொரு பங்கு. ஆனால் வழக்குத் தொடரப்பட்டவர்களில் 86 வீதம். பிரித்தானியரும் அமெரிக்கரும் சேர்ந்து அதே மூன்றிலொரு பங்கு. வழக்குகளில் 5 வீதம் மட்டும். 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி அப்போதைய பிரதமர் ஜசிந்தா ஆர்டன் ஒக்லாந்து நகர மண்டபத்தில், சமோவா முறைப்படி பாயால் மூடப்பட்டு இருந்து, அரசின் பெயரால் மன்னிப்புக் கேட்டார்.

ஆகவே "சந்தேகத்துக்கிடமான இரண்டு பொடியன்கள்" என்ற செய்தியைப் படிக்கும்போது, அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்கவேண்டும். பெரும்பாலும் அவர்கள் நடந்தார்கள். நடந்தவர்களின் தோல் என்ன நிறம் என்பதை மட்டும் செய்தி மறக்காமல் சொல்கிறது. கொழும்பில் சோதனைச் சாவடியில் நின்ற அதே நாங்கள், இங்கே ஜன்னல் திரையை விலக்கிக்கொண்டு மாவோரிப் பிள்ளையைப் பார்த்து 105 இற்கு அடிப்பதும் நடக்கிறது.

பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இங்கு மூலைக்கடையை டெய்ரி என்பார்கள். 2022 நவம்பர் 23ஆம் திகதி சாண்ட்ரிங்ஹமில் அப்படியொரு கடையில் நின்ற இந்திய இளைஞர், காசுப்பெட்டியுடன் ஓடிய திருடனால் குத்திக் கொல்லப்பட்டார். இரவில் தனியாகக் கடை பார்க்கும் எம்மவரும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் வரலாறு பேசிப் பயனில்லை. கத்தியைக் கண்டவன் 111 இற்கு அடிக்கத்தான் வேண்டும். அதை யாரும் காட்டிக்கொடுத்தல் என்று சொல்லமாட்டார்கள்.

ஏன் சொல்லமாட்டார்கள் என்று யோசித்தால் வித்தியாசம் பிடிபடுகிறது. வாக்காளர் இடாப்பும் தலையாட்டியும் லொட்ஜுப் பதிவும் விடியற்காலைச் சோதனையும் கேட்டது ஒரே கேள்வியை: இவன் யார்? கத்தியைக் கண்டவனும், சுவருக்கு அப்பால் அடி விழுவதைக் கேட்டவளும் பதில் சொல்வது வேறொரு கேள்விக்கு: இங்கே ஒருவருக்கு என்ன செய்யப்படுகிறது? ஒருவன் இன்னான் என்பதற்காக அவனை அதிகாரத்தின் கையில் கொடுப்பது காட்டிக்கொடுத்தல். ஒருவருக்கு நடக்கும் தீங்கை, அதைத் தடுக்கக்கூடியவரிடம் எடுத்துச் சொல்வது சாட்சியம். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே செயல்போல இருக்கும். ஒரே ரெலிபோன், ஒரே இலக்கம். ஆனால் முதலாவதில் சொல்பவர் பலமுள்ளவரின் பக்கம் நிற்கிறார். இரண்டாவதில் அடிவாங்குபவரின் பக்கம் நிற்கிறார். எங்கள் ஒழுக்கம் முதலாவதைத் தடைசெய்தது, அது சரி. அதே தடையை இரண்டாவதற்கும் நீட்டியபோது, அடிப்பவனுக்கு அது கவசமாகிவிட்டது. 'எங்கடை ஆள்' என்ற சொல்லுக்குள் அடிப்பவனை மட்டும் வைத்து, அடிவாங்குபவளை வெளியில் விட்டுவிட்டோம். அவளும் எங்கடை ஆள்தானே.

இந்த அளவுகோல் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. பாட்டுச் சத்தம் தீங்குதான், ஆனால் சின்னத் தீங்கு. பேசிப் பார்க்கக்கூடிய இடத்தில் பேசாமல் அதிகாரியை அனுப்புவது அயலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்லும். அங்கே முதலில் கதவைத் தட்டவேண்டும். வன்முறை நடக்கும் வீட்டில் கதவைத் தட்டுவதோ ஆபத்தாக முடியலாம், அங்கே 111தான். அதன் விளைவும் அவளுக்குப் பாரமில்லாமல் வருவதில்லை. கணவனின் விசாவில் வந்தவள், பொலிஸ் வந்தால் தன்னையும் பிள்ளையையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நடுங்குகிறாள். அவளைப் போன்றவர்களுக்கெனக் குடிவரவு விதிகளில் தனி விசா உண்டு என்பதை யாராவது அவளுக்குத் தமிழில் சொல்லவேண்டும். பொலிஸ் வாகனம் போன பிறகு வாடகைக்கு என்ன செய்வது, கோவிலில் யார் அவளோடு பேசுவார்கள், பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்ற கேள்விகள் தெருவில்தான் மிஞ்சும். ரெலிபோனை வைத்ததோடு தன் பங்கு முடிந்தது என்று திரையை இழுத்துவிடுபவர் சாட்சியத்தில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

தலையாட்டியின் முகம் மூடியிருந்தது. அவன் தலையசைத்த பிறகு அந்தப் பொடியனின் தாயின் முன்னால் போய் நிற்க அவனால் முடியாது. நாங்கள் சொன்னதற்குப் பிறகு, யாருக்காகச் சொன்னோமோ அவளின் வாசலுக்கு மூடாத முகத்துடன் ஒரு சாப்பாட்டுப் பார்சலைக் கொண்டுபோக எங்களால் முடியுமென்றால், நாங்கள் செய்தது காட்டிக்கொடுத்தல் அல்ல.