நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவே

தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டினருகே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு கணவாய் உண்டு. காற்றும் மழைமேகமும் வணிகரும் மொழிகளும் அதன் வழியாகவே போக்குவரவு செய்தன. மலை இடைவெளி விட்டமையால் இரு நாடுகளின் வாழ்வும் வளம் பெற்றது. மனத்தினுள்ளும் அத்தகைய இடைவெளி ஒன்று உண்டு எனப் பகவான் புத்தர் காட்டியருளினார். இன்று அந்த இடைவெளியைக் குறித்தே நாம் சிந்திக்கப் புகுகின்றோம்.

மணிமேகலைக்கு அறவண அடிகள் உபதேசித்த பன்னிரு சார்புகளை நம் வாசகர்கள் அறிவர். அவற்றுள் ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்னும் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக வருவன. கண் ஒரு வடிவத்தைத் தீண்டுவது ஊறு. அதனால் இனிமையோ துன்பமோ தோன்றுவது நுகர்வு. ‘இது இன்னும் வேண்டும்’ என்றெழுவது வேட்கை. விடாது பிடித்துக்கொள்வது பற்று. ஊறும் நுகர்வும் உடல் உள்ளவரை நிகழ்ந்தே தீரும். தேவதத்தன் உருட்டிய பாறையின் சில்லுப் பட்டுப் பகவானின் பாதமும் புண்பட்டது, நோவும் இருந்தது, ஆயினும் அவரிடத்தில் சினமோ புலம்பலோ எழவில்லை. ஆதலின், நுகர்வு தோன்றியதும் வேட்கை தோன்றியே ஆகவேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. இரண்டிற்கும் நடுவே ஓர் இடம் உண்டு. விடுதலையின் வாயில் அதுவே.

இக்காலத்தில் நம் கையில் உள்ள கைப்பேசியின் தொழில் யாதெனின், அந்த இடத்தை அடைப்பதேயாகும். இது வெறும் பழிச்சொல் அன்று. 2006ஆம் ஆண்டில் அசா ராஸ்கின் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர், பக்கத்தின் இறுதி என ஒன்று இல்லாமல் கீழே உருட்ட உருட்டப் புதியன வந்துகொண்டேயிருக்கும் அமைப்பை ஆக்கினார். புத்தகத்தில் பக்கம் முடியும்போது, ‘போதும்’ என்று எண்ண ஒரு கணம் கிடைக்கின்றது. அந்தக் கணத்தையே அவ்வமைப்பு நீக்கிவிட்டது. பின்னாளில் அவரே அதற்காக வெளிப்படையாக வருந்தினார். 2009இல் முகநூல் விருப்பக்குறியைக் கொணர்ந்தது. அன்று முதல் புகழ்ச்சி எண்ணத்தக்க ஒரு பொருளாயிற்று. 2020 ஜூன் திங்களில் நம் நாட்டில் டிக்டாக் தடைசெய்யப்பட்டது. அடுத்த திங்களிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் அவ்விடத்தை நிரப்ப வந்து சேர்ந்தது. கடை மாறிற்று, சரக்கு மாறவில்லை.

உளநூல் அறிஞர் ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு செய்த ஆராய்ச்சி பலரும் அறிந்தது. எத்தனையாவது கொத்தில் இரை விழும் என்று அறியக்கூடாதவாறு வைத்தால், புறா ஓயாது கொத்திக்கொண்டேயிருக்கும். அடுத்து வருவது நல்லதோ அல்லதோ என்றறியாமல் விரலால் இழுத்துக்கொண்டேயிருக்கும் நமக்கும் அப்புறாவிற்கும் வேற்றுமை மிகுதியாக இல்லை.

இதனைப் பகவான் ஒரு குரங்கின் கதையால் விளக்கினார். இமயமலைச் சாரலில் வேடர்கள் குரங்குகள் செல்லும் வழியில் பிசினை அப்பி வைப்பர். மதியற்ற குரங்கு ஒரு கையால் அதனைத் தொடும், கை ஒட்டிக்கொள்ளும். அக்கையை விடுவிக்க மறுகையை வைக்கும், அதுவும் ஒட்டும். பின்னர் ஒரு கால், மறுகால், ஈற்றில் வாய். ஐந்திடத்தும் அகப்பட்ட குரங்கு வேடன் வரும்வரை முனகிக் கிடக்கும். சோர்வு நீங்கக் கைப்பேசியை எடுத்து, அதனால் வந்த சோர்வு நீங்க மீண்டும் அதனையே எடுக்கும் நம் நிலை இதுவன்றோ? இதில் நாம் பிறரைக் குற்றங் கூறுவதற்கில்லை. பௌர்ணமி நாளில் தியானத்திற்கு அமர்ந்திருந்தபோது மேலாடைப் பையில் கைப்பேசி அதிர, மூச்சை மறந்து அதனை நாடிய விரல் நம்முடையதே.

இவ்விடைவெளி அடைபடுவதால் நேரும் கேடு யாது என்பதற்கு நம் எல்லைப்புற மலைகளே சான்று கூறும். இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை அடுத்த சாந்தன்பாறையின் கள்ளிப்பாறை மலையில் 2022 அக்டோபரில் நீலக்குறிஞ்சி பூத்தது. அச்செடி 12 ஆண்டுகள் வாளா நின்று, ஒருமுறை பூத்து, வித்தினை விட்டு மாய்வது. அதன் படங்கள் கைப்பேசி வழியே பரவவே, மக்கள் திரள் திரளாக மலையேறினர். காண வந்தது தவறன்று. ஆனால் பலர் பூவைக் காணவில்லை. பூவின் நடுவே தம்மையே கண்டனர். செடிகள் மிதிபட்டன, மலர்கள் பறிக்கப்பட்டன, பிளாஸ்டிக் குப்பைகள் மலையில் கிடந்தன. மலரின் நிறத்திற்கும் மணத்திற்கும் ஊறு செய்யாது தேனை மட்டும் கொண்டு செல்லும் வண்டினைப் பகவான் துறவிக்கு உவமையாக்கினார். பன்னிரண்டு ஆண்டுப் பொறுமையைப் பன்னிரண்டு நொடிப் படத்திற்காக மிதித்த நமக்கு அவ்வண்டு ஆசிரியனாகத் தக்கது.

பூவை மிதித்த கதையாவது வித்திலிருந்து மீண்டும் தளிர்க்கும். பாலக்காட்டு மாவட்டத்து அட்டப்பாடியில் 2018 பிப்ரவரி 22ஆம் நாள் நிகழ்ந்ததோ மீளாதது. மது என்னும் பழங்குடி இளைஞர் மனநலம் குன்றிக் காட்டில் தங்கி வந்தார். அரிசி முதலிய உணவுப்பொருள்களைத் திருடினார் என்று பழி சுமத்தி, ஒரு கூட்டத்தார் அவரைக் காட்டிலிருந்து பிடித்து, கைகளைக் கட்டி, அடித்து, முக்காலிக்கு நடத்தி வந்தனர். காவலர் வண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியிலேயே அவர் உயிர் நீங்கினார். அன்பர்களே, கட்டுண்டு நின்ற அம்மனிதரின் அருகில் நின்று ஒருவர் தம்மையும் சேர்த்துப் படம் எடுத்தார். அப்படம் பரவிற்று.

ஒருமுறை வயிற்றுப்போக்கால் தன் மலத்திலேயே கிடந்த பிக்குவைப் பகவான் கண்டார். கண்டதும் ஆனந்தரை நீர் கொணரச் செய்து, அவரோடு சேர்ந்து தாமும் அவனைக் கழுவித் தூக்கிக் கிடத்தினார். துன்புறுவோனைக் காணும்போது கண்ணிலிருந்து கைக்குச் செல்லும் வழியில் கருணை பிறத்தல் வேண்டும். அட்டப்பாடியில் அக்கை கைப்பேசியை உயர்த்திற்று. கருணை பிறக்க வேண்டிய கணத்தில் படம் பிறந்தது. கொலையைக் கருவி செய்ததென்று நாம் கூறவில்லை. பசித்தவனைத் திருடன் என்று மட்டுமே காணும் வன்மனமும் சாதிச் செருக்கும் கருவிக்கு முன்னரே இருந்தவை. எனினும் பிறர் துன்பத்தைக் காட்சிப் பொருளாக்கும் பழக்கத்தை அதன் அமைப்பு எளிதாக்கி விட்டது.

நடுநிலை தவறாது மறுபுறத்தையும் உரைத்தல் வேண்டும். அப்படத்தைக் கண்டே நாடு கொதித்தெழுந்தது. சாட்சிகள் பலர் பிறழ்ந்த அவ்வழக்கில் காட்சிப்பதிவுகள் நீதிமன்றத்தில் காட்டப்பட்டன. 2023 ஏப்ரலில் மண்ணார்க்காட்டுத் தனி நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் எனக் கண்டு, அவர்களுள் 13 பேருக்கு 7 ஆண்டுக் கடுங்காவல் விதித்தது. ஒரே படம் ஒருவன் கையில் கொடுமையாகவும், மற்றொருவன் கண்ணில் நீதிக்கு அழைப்பாகவும் ஆயிற்று. எண்ணத்தையே வினை என்று பகவான் கூறியதன் பொருள் இங்கு விளங்கும்.

அதே அட்டப்பாடியில்தான் நஞ்சியம்மா என்னும் இருளர் குலத்து மூதாட்டியும் வாழ்கின்றார். ஆடு மாடு மேய்க்கும் மலைச்சரிவில் தம் முன்னோர் பாட்டைப் பாடி வந்தவர். 2020இல் வெளிவந்த ‘அய்யப்பனும் கோஷியும்’ என்னும் மலையாளத் திரைப்படத்தில் தமிழுக்கு நெருங்கிய தம் இருள மொழியிலேயே பாடினார். யூடியூபின் வழியே அப்பாட்டு உலகெங்கும் பரவிற்று. 2022இல் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்கு அளிக்கப்பட்டது. முறையாக இசை பயிலாதவருக்கு இவ்விருது தகுமோ எனச் சிலர் வினவவும் செய்தனர். அவர்கள் ஒன்றை மறந்தனர். அப்பாட்டைக் கைப்பேசி சுமந்து சென்றதேயன்றிப் படைக்கவில்லை. எவரும் கேளாத பல்லாண்டுகளில், எண்ணிக்கை எதுவுமின்றி, மலைக்காற்றில் அது விளைந்தது.

பாலக்காட்டு நாட்டில் தோற்பாவைக்கூத்து என்றொரு கலை உண்டு. பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில் விளக்குகளை ஏற்றி, கம்பன் பாட்டைத் தமிழிலேயே சொல்லிப் பல இரவுகள் ஆடுவர். முன்னே காண்போர் ஒருவரும் இல்லாத இரவுகளிலும் கூத்து நிற்பதில்லை. தேவி கேட்கின்றாள் என்பது அவர்தம் துணிபு. அத்துணிபு நம் நெறியினின்று வேறாயினும், அதிலுள்ள பாடம் நமக்கும் உரியது. புகழும் இகழும் மாறி மாறி வரும் உலகியல்புகள் என்று பகவான் கூறினார். பார்த்தோர் எண்ணிக்கையைக் கண்டு பாடுபவன் அவ்விரண்டிற்கும் அடிமை. ஒருவரும் காணாதபோதும் செய்யத்தக்கதே கலையும் அறமும்.

ஆயின் நாம் செய்யற்பாலது யாது? கைப்பேசியை எறிந்துவிடுதல் பலருக்கு இயலாது. தோட்டத்தில் உழைப்போர் தொலைவிலுள்ள மக்களோடு பேசுவதும் அதனாலன்றோ? எனவே மூன்று சிறு பயிற்சிகளை முன்வைக்கின்றோம். முதலாவது, எடுக்குமுன் ஒரு மூச்சை முழுமையாக அறிதல். நற்கடைப்பிடி என்பது இதுவே. இரண்டாவது, பிறருக்கு அனுப்புவதும் பேச்சே என்றுணர்ந்து, ‘இது மெய்யா, நன்மையா, இப்போது உரைக்கத்தக்கதா’ என வினவுதல். நல்வாய்மை என்பது இதுவே. மூன்றாவது, பௌர்ணமிதோறும் ஒரு பகலேனும் கைப்பேசியை ஒதுக்கி வைத்து, படம் எடுக்கப்படாத ஒரு பாட்டையோ கோலத்தையோ நம் சிறுவர்களுக்குக் கற்பித்தல்.

கொச்சியிலும் கோயம்புத்தூரிலும் கணினித் தொழில் புரியும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. பிசினை அப்பும் வேடன் வாழ்க்கை நல்வாழ்க்கையாகாது. நீங்கள் அமைக்கும் பக்கத்திற்கு ஒரு முடிவை வையுங்கள். காண்பவன் ‘போதும்’ என்று எண்ண ஒரு கணம் விடுங்கள்.

மலையில் கணவாயை இயற்கை அளித்தது. மனத்தின் கணவாயை நாம்தாம் நாள்தோறும் திறந்து வைத்தல் வேண்டும். கருணையும் கலையும் நம்முள் நுழைவதற்கு வேறு வழி இல்லை.

எல்லா உயிர்களும் துயர் நீங்கி வாழ்வனவாக!